தொண்ணூற்றொரு மதிப்பெண்

பிப்ரவரி 10, திங்கள்

மாட்டுத்தீவனக் கடைக்காரர் இன்று என்னைக் கூப்பிட்டு இந்த டைரியைக் கொடுத்தார். ஊரில் மற்ற எல்லோருக்கும் காலண்டர்தான். டைரி எனக்கு மட்டும். கடைக்குள் இன்னும் இரண்டு டைரி இருந்ததைப் பார்த்தேன், அது யாருக்கென்று நான் கேட்கவில்லை.

பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுதி வைக்கிறார்கள். நானும் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சென்னியப்பன் ஆகிய நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தேன். மற்றவர்கள் ஓடிக் கடந்த இடத்தில் நான் நின்று நிதானித்துப் படித்தேன் என்பதால் எனக்கு அஸ்திவாரம் ஆழம்.

என் அக்கா மகள் சாந்தாமணி இங்கே புதுக்காட்டுவலசில் சின்னதாகப் பால் யூனிட் வைத்திருக்கிறாள். நாற்பது வீட்டுப் பால் வருகிறது. தயிர், வெண்ணெய், பன்னீர் செய்து காங்கேயத்தில் இரண்டு ஹாஸ்டலுக்கும் நாலைந்து மெஸ்ஸுக்கும் போடுகிறாள். அவள் வீட்டுக்காரர் தவறி நான்கு வருடம் ஆகிறது. அன்று முதல் நிர்வாகம் முழுவதும் என் தலையில்தான். கேன் கழுவுவது, கேன் தூக்குவது, டேங்க் துடைப்பது போன்ற நிர்வாகம்.

மெக்கானிக் வந்து கூலர் டேங்க்கைப் பார்த்தார். ஐந்நூறு லிட்டர் டேங்க், வாங்கும்போதே பழையது. கம்ப்ரசரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது சித்திரை தாண்டாதுங்க" என்றார். சாந்தாமணி முகம் வாடிவிட்டது. சாயங்காலம் ஊற்றுகிற பால் காலை வரைக்கும் கெடாமல் நிற்பது அந்த டேங்க்கினால்தான். டேங்க் போனால் யூனிட் போயிற்று. புதியது வாங்க எங்களுக்கு வழியில்லை.

"நான் இருக்கறேன் அம்மிணி" என்றேன்.

"அதுக்கு டேங்க் ஆகாதுங்களே மாமா" என்றாள். வேடிக்கையாகப் பேசுவாள்.

பிப்ரவரி 12, புதன்

கடவுள் கண் திறந்துவிட்டார். மகளிர் குழுக் கூட்டத்தில் சாந்தாமணிக்குச் சேதி கிடைத்திருக்கிறது. சிறு உணவுத் தொழில், பால் தொழில் செய்கிறவர்களைத் தேடி வந்து 'டிஜிட்டல் தயார்நிலை மதிப்பீடு' என்று ஒன்று செய்கிறார்களாம். கம்ப்யூட்டர், போன், மெஷின் எல்லாம் தொழிலில் எவ்வளவு புழங்குகிறது என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார்கள். மாவட்டத்தில் நூற்றிருபது யூனிட். அதில் இருபது யூனிட்டைத் தேர்ந்தெடுத்துப் புது கூலர் டேங்க் இலவசமாகத் தருகிறார்கள். அந்த டேங்க் தன் குளிரைத் தானே அளந்து போனுக்கு அனுப்புமாம்.

இருபதில் ஒன்று நாம்தான் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

சாந்தாமணி சொன்னாள்: "வெள்ளிக்கெழமை ஒரு பொண்ணு வருதுங்க மாமா. நான் காங்கயம் போயிட்டுப் பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவேன். அது முன்னாடியே வந்துட்டா ஒக்கார வெச்சு மோர் குடுங்க. அவ்வளவுதான். கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"ஏன், எனக்குப் பதில் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இல்லீங்களே. அதுதான் எனக்குப் பயமே."

என் அறிவைப் பற்றி அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கே அந்தப் பெண் வந்துவிட்டது. பெயர் ஹேமப்பிரியா. இருபத்து நாலு வயசு இருக்கும். வெயிலில் ஸ்கூட்டியில் வந்த களைப்பு. கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன். உட்கார வைத்து மோர் கொடுத்தேன். இந்த இடம் வரைக்கும் சாந்தாமணி சொன்னபடிதான் நடந்தேன்.

"ஓனர் அம்மா எப்பங்க வருவாங்க? எனக்கு இன்னைக்கு இன்னும் அஞ்சு யூனிட் பார்க்கணும்" என்றது.

ஒரு பெண்பிள்ளையை வெயிலில் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "நான்தானுங்க நிர்வாக இயக்குநர், கேளுங்க" என்றேன்.

"இது பரீட்சை இல்லீங்க ஐயா. உள்ளதை உள்ளபடி சொன்னாப் போதும்" என்றது. எல்லா வாத்தியாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் மார்க்கைப் போட்டு வகுப்பில் படிப்பார்கள். எனக்குத் தெரியாதா?

முதல் கேள்வி, பாலின் குளிரை எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? உள்ளதைச் சொன்னால் இதுதான்: டேங்க்கில் குளிரைக் காட்டுகிற முள் எப்போதோ நின்றுவிட்டது. சாந்தாமணி டேங்க்கின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து நாலு டிகிரி, ஆறு டிகிரி என்று சொல்லுவாள். சாக்பீஸால் சுவரில் எழுதிவிடுவாள். ஒருமுறை மெக்கானிக் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தார், அரை டிகிரி கூடப் பிசகவில்லை. ஆனால் கையை வைத்துப் பார்க்கிறோம் என்று ஒரு படித்த பெண்ணிடம் சொன்னால் நம்மை என்ன நினைக்கும்?

"தானாவே பதிஞ்சுக்கும்" என்றேன்.

"எதுலங்க?"

"கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர் எங்கீங்க?"

"சர்வீசுக்குப் போயிருக்குது. ரெண்டும்."

"ரெண்டு இருக்குதுங்களா!" என்று ஆச்சரியப்பட்டுக் குறித்துக்கொண்டது. அந்த ஆச்சரியத்தைப் பார்த்த பிறகு மூன்று என்று சொல்லாமல் போனோமே என்றிருந்தது.

அடுத்து, ஆர்டர் எப்படி வருகிறது? ஹாஸ்டல் சமையல்காரர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வழக்கமான தயிர். இரண்டு கொடுத்தால் பத்து லிட்டர் கூட. மூன்று கொடுத்தால் நேற்றைய தயிர் புளித்துவிட்டது, திட்டுவதற்குத் திரும்பக் கூப்பிடு என்று அர்த்தம். நான்கு வருடமாக ஒரு பிசகும் இல்லை. நான் "ஆன்லைன்" என்றேன்.

"வெப்சைட் இருக்குதுங்களா?"

"இருந்துச்சு. இப்போ இன்னும் பெருசா கட்டிட்டு இருக்கறோம்."

"வேலை செய்யறவங்களுக்குப் பயிற்சி?"

"மாசம் ரெண்டு தடவை. நானே நடத்தறேன்."

அந்தப் பெண் எழுந்து போய்ப் பின் அறைச் சுவரில் இருந்த சாக்பீஸ் எண்களைப் போட்டோ எடுத்தது. "இது என்னங்க ஐயா?"

"வர்றவங்க பார்க்கட்டும்னு வெச்சிருக்கறோம். அந்தக் காலத்துல எப்பிடிச் செஞ்சாங்கன்னு."

"நெம்ப நல்ல யோசனைங்க" என்று சிரித்தது. அங்கே நேற்றைய தேதி எழுதியிருந்ததை அது கவனிக்கவில்லை.

மொத்தம் நாற்பது கேள்வி. ஒன்றில்கூட நான் தலையைச் சொறியவில்லை. கடைசியில் ஓனருடைய போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் முடியும் என்றது. சாந்தாமணியைக் கூப்பிட்டேன். ஹாஸ்டல் வாசலில் கேன் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். படி."

"எதுக்குங்க மாமா?"

"அந்தப் பொண்ணு வந்துட்டுப் போறதுக்கு அடையாளமாம்."

"நாலு, ஏழு, ஏழு, ரெண்டு. நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க மாமா" என்று வைத்தாள்.

அவள் வந்தபோது மணி பதினொன்றேகால். அந்தப் பெண் அடுத்த யூனிட்டுக்குப் போய்விட்டது.

"என்னங்க கேட்டுச்சு?"

"சும்மா பேரு, ஊரு. மத்ததெல்லாம் நம்ம மூஞ்சியப் பார்த்தே எழுதிக்கிச்சு."

பிப்ரவரி 15, சனி

விசேஷம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் மோராவது குடித்ததா என்று சாந்தாமணி கேட்டாள். இரண்டு டம்ளர் குடித்தது என்றேன். ஒன்றுதான் குடித்தது.

பிப்ரவரி 24, திங்கள்

டேங்க் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. மெக்கானிக் வருவதற்குள் வெள்ளகோவில் ஐஸ் பேக்டரிக்குப் போய்ப் பாளம் பாளமாக ஐஸ் வாங்கி வந்தேன். சாந்தாமணி அதை உடைத்து மூடி போட்ட எவர்சில்வர் கேன்களில் அடைத்துப் பாலுக்குள் இறக்கினாள். பால் பிழைத்தது. அவள் கை இரண்டும் சிவந்து மரத்துப்போய்விட்டன. டீ டம்ளரைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

"புது டேங்க் வர்ற வரைக்கும்தான்" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

தொண்ணூற்றொன்று! நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று!

சாந்தாமணியின் போனுக்கு வந்தது. 'முன்னேறிய நிலை. மாவட்டத்தில் முதல் இடம்.' என் ஆயுளில் கணக்கில் நான் வாங்கிய அதிகபட்சம் இருபத்தெட்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரங்கண்ணன் டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். "எதுக்குங்க சென்னியண்ணா லட்டு?" என்று ரங்கண்ணன் கேட்டார். மாவட்டத்தில் முதலாவது என்றேன். பேச்சு வேகத்தில் மாநிலம் என்று வாயில் வந்துவிட்டது. அதைத் திருத்தவில்லை. எப்படியும் அடுத்தது அதுதானே.

சாந்தாமணி மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"எதுலங்க மாமா தொண்ணூத்தொண்ணு? நம்மகிட்ட என்ன இருக்குது?"

"நான் இருக்கறேனே."

மார்ச் 7, வெள்ளி

சாந்தாமணி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். நானும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேங்க் எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

"என்ன டேங்க்குங்க்கா?"

"இருபது பேருக்குக் குடுக்கறதாச் சொன்னாங்களே."

அந்தப் பெண் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்புத்தான். "உங்களுக்கு எதுக்குங்க்கா அது? அது நாப்பதுக்குக் கீழ மார்க் எடுத்தவங்களுக்கு. ஒண்ணுமே இல்லாதவங்களைக் கை தூக்கி விடத்தான் இந்தத் திட்டமே. நீங்க ரெண்டு கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்க!"

சாந்தாமணி என் பக்கம் திரும்பவில்லை. "செரிங்க" என்று வைத்துவிட்டாள்.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் படிச்சேனே ஒரு நம்பரு..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. போய்க் கேன் கழுவ உட்கார்ந்தாள். அது என் வேலை. நான் கழுவுகிறேன் என்றேன். அவள் அடுத்த கேனை எடுத்துக்கொண்டாள்.

முதலாவதாக வந்தவனுக்குப் பரிசு இல்லை, கடைசியாக வந்தவனுக்குப் பரிசு என்று எந்த ஊரிலாவது உண்டா? இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா? அந்தப் பெண் ஆரம்பத்தில் திட்டத்தைப் பற்றி நீளமாக ஏதோ சொன்னது. அப்போது நான் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

திருப்பூர் போய் அவர்கள் அலுவலகத்தில் நேரில் பேசிவிட்டு வந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றது வாட்ச்மேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"நான் சொன்னதுல கொஞ்சம் சேர்ந்துபோச்சுங்க" என்றேன்.

"எவ்வளவு சேர்ந்துச்சு?"

"எல்லாமே."

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "உங்க பேரே இதுல இல்லீங்களே பெரியவரே. சாந்தாமணின்னு இருக்குது. அவங்க போன்ல வந்த நம்பரை வெச்சு அவங்களே உறுதி பண்ணியிருக்காங்க. இது பொய்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, பொய்த் தகவல் குடுத்தவங்கன்னு அந்தம்மா பேரை அஞ்சு வருசத்துக்கு எல்லாத் திட்டத்துலயும் இருந்து எடுத்துருவாங்க. எழுதிக் குடுக்கறீங்களா?"

"எழுதாம விட்டா?"

"ரெண்டு வருசம் கழிச்சு மறு மதிப்பீடு வரும். அப்ப உள்ளதைச் சொல்லுங்க."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுக்கவில்லை. எனக்காக டீ கொண்டுவரச் சொன்னார். டீ வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது, பரிசீலிக்கிறார்களாம் என்று சாந்தாமணியிடம் சொல்வதாக இருந்தேன். சொல்லவும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் நடந்ததைச் சொன்னேன்.

"நெசத்தச் சொன்னா என்னைய அஞ்சு வருசம் தள்ளி வெச்சுருவாங்க. சொல்லாட்டி ரெண்டு வருசம் காத்திருக்கணும். டேங்க்கு ரெண்டு மாசம் தாங்காது" என்று விரல் விட்டுச் சொன்னாள். "ரெண்டு பக்கமும் அடைச்சுப்போட்டீங்களே மாமா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மார்ச் 19, புதன்

காலையில் டேங்க்கைத் திறந்தபோதே வாடை தெரிந்துவிட்டது. நூற்றறுபது லிட்டர் பால்.

சாந்தாமணி உள்ளங்கையை வைத்தாள். எண் எதுவும் சொல்லவில்லை. சாக்பீஸையும் எடுக்கவில்லை.

பன்னீராகப் போட்டு மெஸ்ஸுக்குத் தள்ளிவிடலாம், காரம் போட்டுச் சமைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் ஒரு யோசனை சொன்னேன். பெரிய கம்பெனிகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். எனக்கு எந்தக் கம்பெனியும் தெரியாது.

"படிக்கற புள்ளைங்க திங்கறதுங்க மாமா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் கேன் கேனாகத் தூக்கிக் கொண்டுபோய்ப் பின்னால் குழியில் ஊற்றினோம். நாய்கூட வரவில்லை.

ஹாஸ்டலில் இருந்து மிஸ்டு கால் மூன்று. அப்புறம் மறுபடியும் மூன்று.

மார்ச் 27, வியாழன்

பதினொரு வீடு பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். முக்கு ரோட்டில் கம்பெனி வேன் வந்து நிற்கிறது, அதில் ஊற்றுகிறார்கள். கடும் வெயில்.

ஏப்ரல் 2, புதன்

கவர் வந்திருக்கிறது, கனமான காகிதம். புதுக்காட்டுவலசு யூனிட் 'முன்மாதிரி யூனிட்' ஆகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது. பதினேழாம் தேதி மாவட்டம் முழுவதும் இருந்து முப்பது சிறு தொழில்காரர்களை பஸ்ஸில் அழைத்து வந்து நம்மைப் பார்க்க வைக்கப் போகிறார்கள்.

வேண்டாம் என்று சாந்தாமணி சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கவரை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தாள். பல நாள் கழித்து முகத்தில் ஒரு தெளிவு.

"வரட்டும் மாமா. நம்ம வாயால சொன்னாத்தான் குத்தம். அவங்களே வந்து இந்த டேங்க்கையும் செவத்தையும் பார்த்தாங்கன்னா, மார்க்குப் போட்டது தப்புன்னு அவங்களே திருத்தட்டும். ஆபீசரும் வர்றாருன்னு போட்டிருக்குது. நீங்க ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எதையும் தொடாதீங்க. இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

சரி என்றேன். என் அம்மா மேல் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

ஏப்ரல் 16, புதன்

நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள். யோசித்துப் பார்த்தேன். என் அக்கா மகளை முப்பது பேர் முன்னால், அதிகாரி முன்னால், ஒன்றுமில்லாதவளாக நிற்க வைப்பதா? போட்டோ ஸ்டூடியோக்காரர் எனக்குப் பழக்கம். சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒரு நாளைக்குத்தானே. டேங்க்கை நான் தொடவில்லை. சுவரையும் தொடவில்லை. சத்தியத்துக்குப் பங்கம் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பத்தரைக்கு பஸ் வந்தது. சாந்தாமணி விடியலில் இருந்தே டேங்க் பக்கத்தில் நின்றாள். நேற்றும் கம்ப்ரசர் மக்கர் செய்ததால் உள்ளே ஐஸ் கேன்கள் மிதந்துகொண்டிருந்தன. அவள் அதை எடுக்கவில்லை. மூடியின் தாழ்ப்பாளைக்கூடப் போடாமல் வைத்திருந்தாள்.

பஸ் சத்தம் கேட்டு முன் அறைக்கு வந்தவள், மேஜை மேல் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

அதிகாரிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "என்னமோ எல்லாம் பொய்னீங்களே பெரியவரே? அடக்கம்!" என்று முதுகில் தட்டினார். திரையில் ஸ்டூடியோக்காரர் வைத்திருந்த அருவிப் படம் தெரிந்தது. ஹேமப்பிரியா எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தது. நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. நன்றாகப் பேசினேன் என்று மட்டும் தெரிகிறது, கை தட்டினார்கள். மொத்தம் இருபது நிமிடம். அடுத்து எங்கேயோ முறுக்கு யூனிட்டுக்குப் போக வேண்டும் என்று அதிகாரி அவசரப்படுத்தினார். பின் அறைக்கு, சாந்தாமணி மறுபடியும் போய் நின்ற டேங்க் பக்கத்துக்கு, யாரும் வரவில்லை.

ஒரே ஒரு அம்மாள் வந்தார். மூலனூர்ப் பக்கம், பெயர் சரசாத்தாள், ஐம்பது வயசு இருக்கும். தண்ணீர் குடிக்க வந்தவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க, நானெல்லாம் அந்தப் பொண்ணு கேட்ட அத்தனைக்கும் இல்லை இல்லைன்னே சொல்லிப்போட்டேன். மார்க்குப் பதினொண்ணு. வெக்கத்துல ஒரு வாரம் வெளிய தலை காட்டல. அப்பறம் பார்த்தா டேங்க் வந்து எறங்குது. வந்து பத்து நாளாச்சுங்க. உங்க மாதிரி ஆளுங்களப் பார்த்தாத்தான் நமக்கும் ஒரு நாளைக்கு இப்பிடி ஆகலாம்னு தோணுதுங்க."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அவர் பேசிக்கொண்டே டேங்க் மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். சாந்தாமணியைப் பார்த்தார். சுவரில் இருந்த எண்களைப் பார்த்தார். மூடியைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தார்.

"ஐஸ் எங்க அம்மிணி வாங்கறே?"

"வெள்ளகோயில்லீங்க."

"கையைக் காட்டு" என்றார். சாந்தாமணி காட்டினாள். பஸ் ஹாரன் அடித்தது. அந்த அம்மாள் சாந்தாமணியின் கையை விட்டுவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கத் தூக்கினேன். கனமாக இருந்தது. சாந்தாமணி கதவைத் திறந்து பிடித்தாள்.

"நான் ஒண்ணுதானுங்களே மாமா கேட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 28, திங்கள்

கம்ப்ரசர் நின்றுவிட்டது. மெக்கானிக் பெட்டியைத் திறக்கவே இல்லை.

சாந்தாமணி வீடு வீடாகப் போனாள். இந்த ஒரு மாதத்தில் இன்னும் பதினொரு வீடு போய்விட்டது; மிச்சம் இருந்த பதினெட்டு வீட்டிலும், நாளையிலிருந்து வேனுக்கே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். நானும் கூடப் போனேன். தெருவிலேயே நின்றுகொண்டேன். ஒரு வீட்டில், "ஏனம்மிணி, மாநிலத்துலயே மொதல்னு லட்டு குடுத்தாங்களே?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவள் சொன்ன பதில் விழவில்லை.

மே 5, திங்கள்

யூனிட்டை மூடிய சேதி கேட்டு மூலனூர் சரசாத்தாள் போன் செய்தார். புது டேங்க் வந்த பிறகு அங்கே பால் கூடிவிட்டதாம், தயிருக்கு உறை ஊற்ற, கேன் கழுவ ஆள் வேண்டுமாம். "உன்னையப் போயி கூப்பிடறனேன்னு நெனைக்காத கண்ணு" என்று மூன்று தடவை சொன்னார். சாந்தாமணி வருகிறேன் என்றாள்.

நானும் கூட வந்து பேசிவிடுகிறேன் என்றேன். நீ எப்பேர்ப்பட்ட கைகாரி, என்ன மரியாதையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே எடுத்துச் சொல்லிவிட்டால் நல்லது என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வேண்டாமுங்க மாமா. அங்க நான் யாருன்னு நானே சொல்லிக்கறேன்."

மே 9, வெள்ளி

ஆறு மணி பஸ்ஸுக்கு சாந்தாமணி போனாள். சாப்பாட்டுத் தூக்கை நான் பஸ் வரைக்கும் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் கழுவுவதற்குக் கேன் இல்லை. டீக்கடைக்குப் போனேன்.

"எங்கீங்க அம்மிணி, காலங்காத்தால பஸ்ஸேறிப் போகுது?" என்று ரங்கண்ணன் கேட்டார்.

"மூலனூருக்கு. வேலைக்கு."

"என்ன வேலைங்க?"

"கேன் கழுவற வேலை" என்றேன்.

கடையில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "போங்க சென்னியண்ணா. உங்க அக்கா மக கேன் கழுவுதா? மேனேஜராப் போயிருக்கும். டீ வாங்கிக் குடுக்கோணும்னு மறைக்கறீங்க."

"இல்லீங்க. கேன்தான் கழுவுது. யூனிட்டை மூடியாச்சு. என்னாலதான்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ரங்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டீயை என் முன்னால் வைத்து, "இதுக்கு மேல நம்மளால சிரிக்க முடியாதுங்க, நெசத்தச் சொல்லுங்க" என்றார்.

மறுபடியும் அதையே சொன்னேன்.